துண்டுத் துணியில் ஒரு விண்மீன்



மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் திருநாளும் நெருங்குகிறது. இந்நாளில் வீட்டை அழகு செய்ய விரும்பாதார் யார்? மிகுந்த செலவின்றி, வீட்டில் எஞ்சிய துணித் துண்டுகளைக் கொண்டு, நம் கையாலேயே தைத்துக்கொள்ளத்தக்க சில அணிகளைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிகளில் தையல் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆகவே இப்பேச்சில் ஊசியும் நூலும் வரும். சிறிது கணக்கும் வரும். கணக்கு எதற்கென்று கேட்கிறீர்களா? அது பின்னர் விளங்கும்.

என் ஊர் பர்கூர். பர்கூர் என்றதும் உங்களிற் சிலருக்கு ஈரோடு மாவட்டத்து மலையும், செந்நிற உடலில் வெண்திட்டுகள் கொண்ட அம்மலை மாடுகளும் நினைவுக்கு வரலாம். நான் சொல்லும் பர்கூர் வேறு. அது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியில், ஆந்திர எல்லைக்கும் கருநாடக எல்லைக்கும் அணித்தாய் அமைந்த ஊர். கடைத்தெருவில் ஒரு நாழிகை நின்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் காதில் விழும். மொத்த விலைக்குத் துணி விற்கும் கடைகள் அங்கே வரிசை வரிசையாக உள்ளன. சூரத்து நகரத்துச் சேலைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதால் 'குட்டி சூரத்' என்ற பட்டப்பெயரும் எங்கள் ஊருக்கு உண்டு.

துணி மிகுந்த ஊரில் துண்டும் மிகுதியாகத்தானே இருக்கும்? சட்டை தைத்தால் கைக்குழி வெட்டிய இடத்தில் ஒரு துண்டு எஞ்சும். இரவிக்கை தைத்தால் கழுத்து வெட்டிய இடத்தில் பிறைபோல் ஒரு துண்டு எஞ்சும். தையற்கடை மேசையின் அடியில் மாலைக்குள் அவை கணுக்கால் அளவு குவிந்துவிடும். பெருக்குகிறவர் கண்ணுக்கு அவை குப்பை. எங்கள் வீட்டிற்கு அவையே ஓர் ஆண்டின் திருநாளாக அமைந்தன. அந்தக் கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

1974-ஆம் ஆண்டு. அப்போது எங்கள் பகுதி தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். நான் எட்டாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தேன். என் தந்தையார் துணி மூட்டையை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு, சுற்றுப்புறச் சந்தைகளில் விற்று வருவார். அவ்வாண்டு ஐப்பசியில் அவர் காய்ச்சலில் விழுந்தார்; கார்த்திகை முழுதும் பாயைவிட்டு எழவில்லை. அம்மாவின் தையற்பொறி ஒன்றே வீட்டை நடத்தியது. கையாற் சுற்றும் சிறு பொறி அது. திருநாளுக்கென்று பிறர் கொடுத்த துணிகள் திண்ணையிற் குவிந்திருந்தன. எங்களுக்கென்று ஒரு முழத் துணியும் வாங்கவில்லை.

எனக்குப் புத்தாடை இல்லாததுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவே. அவர்கள் எல்லாரும் வாசலில் நட்சத்திர விளக்குக் கட்டுவார்கள். மூங்கிற் சிம்பைச் சீவி, ஐந்து முனையாகக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். கிருஷ்ணகிரிக் கடையிலிருந்து ஆயத்தமாய் வாங்கி வருவோரும் உண்டு. எங்கள் வாசல் இருண்டிருந்தது. "நமக்கு எப்போதம்மா நட்சத்திரம்?" என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 20-ஆம் நாள் என்று நினைவு. நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது அம்மாவின் மடியில் வண்ண வண்ணமாக ஏதோ கிடந்தது. தெருமுனைத் தையற்கடைப் பாயிடம் துண்டுகள் கேட்டு வாங்கியிருக்கிறார். "எவ்வளவு வேணுமோ எடுத்துக்கம்மா" என்று அவர் ஒரு பை நிறையக் கொடுத்தாராம். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஐந்து சாய்சதுரங்களை வெட்டி, முனைகள் நடுவிற் கூடுமாறு இணைத்து அம்மா தைத்திருந்தார். ஆனால் அது தட்டையாக அமையவில்லை. நடுவிற் குழிந்து, ஓரங்கள் எழும்பி நின்றது. அதைக் கையில் எடுத்த நான், "ஏம்மா, இது நட்சத்திரமா, கிண்ணமா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அம்மா கோபிக்கவில்லை. அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "ஆமாம் கண்ணு, கிண்ணம்போலத்தான் இருக்கிறது" என்றார். பிறகு பிறருடைய துணியை எடுத்துத் தைக்கத் தொடங்கிவிட்டார். மூன்று நாள் சென்றபின் நட்சத்திரம் மீண்டும் என் கைக்கு வந்தது. இம்முறை அது மேசைமேல் வைத்த தாள்போலப் படிந்து கிடந்தது. எனினும் என் மனம் படியவில்லை. அடுத்த வீட்டார் சென்ற ஆண்டில் கட்டிக் கிழிந்த தாள் நட்சத்திரம் ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்கு ஒட்டுப் போட்டு வாசலிற் கட்டினேன். "உனக்கு எது அழகோ அதையே கட்டு கண்ணு" என்று சொல்லி, அம்மா தாம் தைத்ததை அடுக்களைக் கதவின்மேல் மாட்டிவிட்டார். அக்கதையின் மறுபாதியைப் பேச்சின் முடிவிற் சொல்கிறேன்.

மாணவர்களே, திருநாள் அணிகள் யாவும் செல்வர் வீட்டிற் பிறந்து ஏழையர் வீட்டிற்கு இறங்கி வந்தவை என்று நாம் எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. குடில் அமைக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1223-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் அசிசி நகரத்துப் பிரான்சிசு அடிகள் அமைத்த குடிலைப் பெரும்பாலும் அதன் தொடக்கமாகச் சொல்வர். அதில் இருந்தவை வைக்கோலும் தொழுவும், ஓர் எருதும், ஒரு கழுதையுமே. கிறிஸ்துமஸ் மரமும் அவ்வாறே. ஜெர்மன் நாட்டு மக்கள் தொடக்கத்தில் அம்மரத்தில் ஆப்பிளையும் கொட்டைகளையும் பலகாரங்களையும் தொங்கவிட்டனர். வைக்கோல் தாளைப் பிரித்துக் கட்டிய விண்மீன்களை ஜெர்மனியிலும் சுவீடனிலும் இன்றும் காணலாம். துரிங்கியா நாட்டு லௌசா என்ற ஊரில் கண்ணாடி ஊதும் தொழிலாளர் வாழ்ந்தனர். மரத்திற் கட்ட ஆப்பிள் வாங்க இயலாத ஒரு தொழிலாளி கண்ணாடியிலேயே கனி செய்து மாட்டினார் என்று அவ்வூரார் கதை சொல்வர். கதை எவ்வாறாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வூரின் கண்ணாடி உருண்டைகள் உலகெங்கும் சென்றன என்பது உண்மை. 1848-இல் விக்டோரியா அரசியார் தம் குடும்பத்தோடு மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் இலண்டன் இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதன் பின்னர் மரம் வைக்கும் வழக்கம் மேலும் பரவியது.

நம் நாட்டில் ஊசியிலை மரம் எங்கும் கிடைப்பதில்லை. ஆகவே நம்மவர் சவுக்குக் கிளையை வெட்டி வந்து நட்டனர். பர்கூரை அடுத்த எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் மூங்கிற் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு விண்மீன் கட்டினர். பிலிப்பைன் தீவினரும் மூங்கிலையும் தாளையும் கொண்டே 'பரோல்' என்னும் விண்மீன் விளக்கைச் செய்கின்றனர். கையில் எது கிடைக்கிறதோ அதைக்கொண்டு விழாவை வரவேற்பதே உலக வழக்கம். எங்கள் ஊரில் கையில் கிடைப்பது துணி.

துண்டுத் துணியை மதிப்பது நமக்குப் புதிதன்று. வங்க நாட்டுப் பெண்டிர் பழஞ்சேலைகளை அடுக்கி, ஓடுதையலால் உருவங்கள் எழுதிக் 'காந்தா' செய்கின்றனர். எல்லைக்கு அப்பால் கருநாடகத்தில் பழந்துணித் துண்டுகளை ஒட்டித் தைக்கும் போர்வைக்குக் 'கௌதி' என்று பெயர். கந்தலை ஓவியமாக்கும் கை நம் நாட்டில் என்றும் இருந்திருக்கிறது.

இனி இரண்டு செய்திகளைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். முதற்செய்தி ஒரு விண்மீனைப் பற்றியது. ஜெர்மன் நாட்டில் மொரேவியர் என்னும் சபையினர் நடத்திய உறைவிடப் பள்ளி நீஸ்கி என்ற ஊரில் இருந்தது. சமயப்பணிக்காகக் கடல்கடந்து சென்றவர்களின் பிள்ளைகள் பலர் பெற்றோரைப் பிரிந்து அங்கே தங்கிப் பயின்றனர். அச்சபையினர் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறியவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பள்ளியில் வடிவக்கணிதம் விளங்குவதற்காகத் தாளால் ஒரு விண்மீன் செய்யக் கற்பித்தனர். பதினெட்டுச் சதுரமும் எட்டு முக்கோணமும் கொண்ட ஒரு திண்மத்தின் ஒவ்வொரு முகத்திலும் ஒரு கூம்பு நிறுத்த வேண்டும். விளக்கு மாட்டுவதற்காக ஒரு சதுர முகத்தை விட்டுவிட்டால், பதினேழும் எட்டுமாக 25 கூம்புகள் எழும். அதுவே ஹெர்ன்ஹூட் விண்மீன் என்று இன்று உலகம் அறிந்த திருநாள் விளக்கு. அது பிறந்த இடம் ஒரு கணித வகுப்பு. செய்தவர்கள் வீட்டு நினைவில் வாடிய சிறுவர்கள்.

இரண்டாவது செய்தி நம் தமிழ் மண்ணைச் சேர்ந்தது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் என்ற அம்மையார், 1820-களின் தொடக்கத்தில் அங்கே சிறுமியருக்குப் பின்னல் வேலை கற்பித்தார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு குச்சிகளை மாற்றி மாற்றிப் பின்னும் நுண்ணிய வேலை அது. அடிமைத் தளையிற் பிறந்த சிறுமியரும் அங்கே பயின்றனர். பின்னிச் சேர்த்த கூலியைக் கொண்டு தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கியோரும் அவர்களுள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்னரே நூல் அவர்களை விடுவித்தது. மார்த்தா அம்மையாரின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்தார். தாயிடம் கற்ற கலையை இடையன்குடியில் பரப்பினார். ஊசி வேலையைப் பொழுதுபோக்கு என்று இகழ்வோர் இதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சரி, இப்போது நாம் தைக்கத் தொடங்குவோம். வேண்டியவை சிலவே: ஓர் ஊசி, ஒரு கத்தரிக்கோல், ஒரு தேநீர் விலைக்குக் கிடைக்கும் நூற்கண்டு, பழைய திருமண அழைப்பிதழ் ஒன்று, உங்கள் கணிதக் கருவிப்பெட்டி, ஒரு கைப்பிடித் துண்டுகள். தடித்த துணியைத் தைக்கும்போது நடுவிரலில் அங்குஸ்தான் அணிந்துகொள்ளுங்கள். ஊசியின் பின்முனை விரலைக் குத்தாது.

முதலில் விண்மீன். அழைப்பிதழ் அட்டையில் 6 சென்டிமீட்டர் நீளத்திற்கு ஒரு கோடு வரையுங்கள். அதன் ஒரு முனையில் பாகைமானியை வைத்து 72 பாகைக் கோணம் அமைத்து, மற்றொரு 6 சென்டிமீட்டர்க் கோடு வரையுங்கள். இவ்விரண்டிற்கும் இணைகோடுகள் வரைந்து முடித்தால் ஒரு சாய்சதுரம் கிடைக்கும். அதைப் போல ஐந்து அட்டைகளை வெட்டுங்கள். ஒவ்வோர் அட்டையையும் துணியின் உட்புறத்தில் வைத்து, நாற்புறமும் ஒரு சென்டிமீட்டர் மிகுதியாக விட்டு வெட்டுங்கள். மிகுதித் துணியை அட்டையின்மேல் மடித்து, பின்னாற் பிரித்துவிடத்தக்க நீளத் தையலாற் பிடித்துவையுங்கள். இப்போது ஐந்து சாய்சதுரங்களும் விளிம்பு கூர்மையாய் ஆயத்தமாகிவிட்டன.

இரண்டு துண்டுகளின் நல்ல முகங்கள் உள்ளே இருக்குமாறு சேர்த்துப் பிடியுங்கள். 72 பாகை முனைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். அம்முனையிலிருந்து தொடங்கி, இரு விளிம்புகளையும் மேலாகச் சுற்றிச் சுற்றி, நெருக்கமாகத் தையுங்கள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது துண்டுகளையும் அவ்வாறே சேர்த்து, ஐந்தாவதை முதலாவதோடு இணைத்துவிடுங்கள். விரித்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த விண்மீன் உங்கள் கையில் இருக்கும். அட்டைகளை உள்ளேயே விட்டால் விறைப்பாய் நிற்கும். பஞ்சு வைத்துப் பருமனாக்க விரும்பினால், இரண்டு விண்மீன்கள் செய்து, நீளத் தையலையும் அட்டையையும் நீக்கி, முதுகோடு முதுகு சேர்த்து ஓரம் தையுங்கள். மூன்று சென்டிமீட்டர் வழி விட்டு, அதன் வாயிலாக இலவம் பஞ்சையோ, நறுக்கிய துணித் தூளையோ அடைத்து மூடிவிடுங்கள்.

72 பாகை என்று வற்புறுத்துவானேன்? ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை என்று படித்திருக்கிறீர்கள். ஐந்து துண்டுகள் அதனைப் பங்கிட்டுக்கொண்டால் ஒன்றுக்கு 72. ஒவ்வொரு துண்டிலும் இரண்டே பாகை குறைத்து வெட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். மொத்தத்தில் பத்துப் பாகை குறையும். துணி தட்டையாகக் கிடக்க மறுத்துக் கிண்ணம்போற் குழியும். இரண்டிரண்டு பாகை கூடினாலோ ஓரம் அலை அலையாய் நெளியும். புத்தகத்திற் பிழை செய்தால் ஒரு மதிப்பெண் போகும். துணியிற் பிழை செய்தால் துணியே எழுந்து நின்று காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது சிறு மரம். பச்சைத் துண்டுகளை வட்டமாக வெட்டுங்கள். 14 சென்டிமீட்டர் விட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்து 5 சென்டிமீட்டர் வரை பத்து அளவுகள். ஒவ்வோர் அளவிலும் இரண்டு வட்டங்கள். வட்டத்தின் ஓரத்தை அரைச் சென்டிமீட்டர் உள்ளே மடித்துக்கொண்டே சுற்றிலும் ஓடுதையல் ஓட்டி, நூலை இழுங்கள். துணி சுருங்கி, நடுவில் வாய் குவிந்த பூவாகிவிடும். தையலைச் சற்று நீளமாக ஓட்டினால் வாய் நன்றாக மூடும். பூவின் அகலம் வட்டத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவாய் இருக்கும். பெரியது அடியிலும் சிறியது முடியிலுமாக இருபது பூக்களையும் ஒரே நூலிற் கோத்தால் உள்ளங்கையில் நிற்கும் மரம் ஆயத்தம். உச்சியில் ஒரு மஞ்சட் பொத்தானைத் தைத்துவிடுங்கள்.

தோரணம் இன்னும் எளிது. விண்மீனுக்கு வெட்டிய அதே சாய்சதுர அட்டையே போதும். துணியை அதே அளவில் வெட்டி, குட்டையான மூலைவிட்டத்தில் மடித்து ஒரு கயிற்றின்மேல் போட்டு, இரு பாதிகளையும் சேர்த்துத் தைத்தால் முக்கோணக் கொடி கிடைக்கும். இடைவெளி விட்டு இருபது கொடி தைத்தால் ஒரு வாசலுக்குப் போதும்.

ஓர் எச்சரிக்கை. துணி அணிகளை மெழுகுவத்திக்கும் சூடேறும் விளக்கிற்கும் அருகில் கட்டாதீர்கள். துண்டு பருத்தியா செயற்கை நூலா என்று ஐயம் தோன்றினால், பெரியவர் ஒருவர் முன்னிலையில், தட்டின்மேல் ஓர் இழையை மட்டும் எரித்துப் பாருங்கள். பருத்தி, தாள் எரியும் மணத்தோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணிபோல் இறுகும். மடிப்பு நன்கு நிற்பதற்கும் கை பழகுவதற்கும் பருத்தியே ஏற்றது. சூரத்துச் சேலையின் பளபளப்பு வேண்டுமென்றால் மரத்தின் பூக்களுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

"கடையில் இவையெல்லாம் மலிவாகவே கிடைக்கின்றனவே, எதற்கு இவ்வளவு பாடு?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் சரிகைச் சுருளும் மின்னும் பொடியும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. ஒரு வாரம் மின்னிவிட்டு மண்ணில் நெடுங்காலம் கிடப்பவை அவை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றிற்கு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை உள்ளது. உதிரும் பிளாஸ்டிக் மினுக்குப் பொடியின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து கட்டுப்படுத்தியது. துணி அணியோ துவைத்து மடித்து வைத்தால் அடுத்த ஆண்டும் வரும்.

ஆனால் கையால் தைத்தது மலிவானது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். துண்டுக்கு விலையில்லை, நூலுக்குச் சிறு விலை, தைத்த பொழுதுக்கு விலை உண்டு. என் அம்மா அந்த விண்மீனைப் பகலில் தைக்கவில்லை. பகற்பொழுது பிறருடைய துணிக்கு உரியது, அதற்குத்தான் கூலி. விண்மீனுக்கு அவர் கொடுத்த விலை உறக்கம். எங்கள் பகுதியிலிருந்து ஓசூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும், எல்லை தாண்டிப் பெங்களூர்ப் பக்கத்து ஆயத்த ஆடை ஆலைகளுக்கும் செல்லும் பெண்கள் பலர். நாள் முழுதும் பிறர் அணியத் தைத்துவிட்டு வீடு திரும்பும் தாயிடம், "எனக்கு ஒரு நட்சத்திரம் தைத்துக் கொடு" என்று கேட்பது முறையன்று. நீங்கள் தைத்து அவர் கையிற் கொடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறேன். எங்கள் கடைத்தெருவில் பொறியின் முன் அமர்ந்திருப்போரில் ஆடவரே மிகுதி. கூலிக்குத் தைக்கலாம், வீட்டிற்குத் தைக்கலாகாது என்று ஊசி சொல்லவில்லை.

இனி, நான் நிறுத்தி வைத்த கதையின் மறுபாதி. என் தந்தையார் நலம் பெற்று எழுந்தார். நான் படித்து, தையற் பயிற்சி முடித்து, ஆசிரியையானேன். 2008-இல் அம்மா காலமானார். அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது அடியில் அந்த விண்மீன் மடியாமல் கிடந்தது. பச்சை வெளுத்திருந்தது, ஓர் இணைப்பில் நூல் இற்றிருந்தது. ஆசிரியையின் கண்ணோடு அதை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். விளிம்பை ஒட்டி இப்போதைய தையலுக்குப் புறத்தே ஊசித் துளைகள் இரண்டு வரிசையாக ஓடின. அம்மா ஒருமுறை அன்று, இருமுறை பிரித்து மீண்டும் தைத்திருக்கிறார்.

இற்றுப்போன இணைப்பைச் செப்பனிட எண்ணிச் சிறிது பிரித்தேன். உள்ளே விறைப்பிற்காக வைத்த தாள் தெரிந்தது. மெல்ல வெளியே எடுத்தேன். அது என் எட்டாம் வகுப்பு வடிவக்கணித ஏட்டின் ஒரு பக்கம். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை என்று என் கையெழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஆசிரியர் இட்ட சிவப்புக் குறி. அதன் கீழே, அளவு எழுதும் பென்சிலால், வேறொரு கையெழுத்தில் ஒரு வகுத்தற் கணக்கு: 360-ஐ ஐந்தால் வகுத்து, 72 என்று எழுதி, கீழே இரண்டு கோடுகள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அம்மாவின் கையெழுத்து அது.

அப்போது எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. அந்தத் திருநாளை ஒட்டி ஒருநாள் என் பாகைமானியில் நீலச் சுண்ணக்கட்டித் தூள் படிந்திருந்தது. என் தம்பி விளையாடிவிட்டான் என்று அவனை வைதேன். துணியிற் குறியிடும் தையற்காரர் சுண்ணக்கட்டி நீலமாய் இருக்கும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. நள்ளிரவில், விளக்கடியில், மகளின் ஏட்டைப் புரட்டி, தமக்கு வேண்டிய ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடித்து, பாகைமானியைத் திருப்பித் திருப்பி வைத்து, அதன் பயனைத் தாமே கற்றுக்கொண்டிருக்கிறார் அம்மா. அந்தப் பாடத்தில் நான் நூற்றுக்கு நூறு வாங்கியவள். குழிந்த விண்மீனைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்தேனே தவிர, அது ஏன் குழிந்தது என்று என் கணக்கு எனக்குச் சொல்லவில்லை. படித்தவள் நான், கற்றவர் அவர்.

அன்று நான் அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அம்மாவுக்கு ஓர் இரவு உறக்கம் மிஞ்சியிருக்கும். இத்தனை ஆண்டுகளும் வகுப்பிலே ஊசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மாணவியரைப் பாகைமானியையும் எடுக்கச் சொன்னேன். காரணம் தெரியாமலே அவ்வாறு செய்துவந்தேன் என்று நினைக்கிறேன். இறுதி ஆண்டுகளிலே காரணம் தெரிந்து செய்தேன்.

மாணவர்களே, இன்று மாலையே உங்கள் ஏட்டையும் கருவிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டில் தைக்கத் தெரிந்தவர் அருகில் அமருங்கள். அவர் கை அறிந்ததை நீங்கள் கேளுங்கள். உங்கள் ஏடு அறிந்ததை அவருக்குச் சொல்லுங்கள். முதல் விண்மீன் குழிந்தால் வருந்த வேண்டா. பிரித்துத் தையுங்கள்.

அம்மாவின் விண்மீனை நான் மீண்டும் தைத்து மூடிவிட்டேன். அந்தத் தாளை அது இருந்த இடத்திலேயே வைத்துத்தான் தைத்தேன். இப்போது ஆண்டுதோறும் டிசம்பர் பிறந்ததும் அது எங்கள் தலைவாசலில் தொங்குகிறது.